சத்தம் குடித்த தாளிப்பனை

எங்கள் ஊரில் வேட்டுச் சத்தம் நின்றுபோனது ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. வேட்டு நிற்கவில்லை, சத்தம்தான் நின்றது. ஆறு மாதம் மூடிக் கிடந்த குவாரியை மறுபடி திறந்து, எலுமிச்சம்பழம் வெட்டி, பூசை போட்டு வைத்த ஒற்றை வேட்டு அது. புகை எழுந்தது, கல் எழுந்தது, எழுந்த கல் விழுந்தது, காலடியில் தரை ஒருமுறை குலுங்கி அடங்கியது, வீட்டுச் சுவர்களில் பழைய விரிசல்கள் இன்னும் ஒரு நூல் அகலம் வாய் திறந்தன, ஆனால் ஒரு சத்தமும் வரவில்லை. காது போய்விட்டதென்று ஆளுக்கு ஆள் காதைக் குடைந்துகொண்டு நின்றபோது ஒரு காக்கை கத்தியது, அது எல்லோருக்கும் கேட்டது. அதன்பிறகுதான் அங்காயியின் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். முந்தின நாள் அவள் நட்டிருந்த தாளிப்பனைக் கன்றின் ஒற்றை இலை, காற்றே இல்லாத வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதுதான் குடித்திருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது, நாங்களும் சாப்பிடப் போய்விட்டோம்.

குமிழிப்பாறை என்பது ஊரின் பெயர். ஊர் முழுவதும் ஒரே பாறை, அதன்மேல் ஒரு சாண் மண் இருந்தால் அந்த வீட்டுக்காரனைப் பண்ணையார் என்போம். இங்கே கோழி கிளறினால் தீப்பொறி பறக்கும் என்று பெண் பார்க்க வருகிறவர்கள் கேலி பேசிவிட்டுப் போவார்கள், சிலர் திரும்பி வரமாட்டார்கள். எங்கள் சோறு அந்தப் பாறைக்குள்தான் இருந்தது. புதனும் சனியும் குவாரிக்குள் வரிசையாகக் குழி போட்டு, மருந்து இடித்து, திரி வைத்துவிட்டு ஆண்கள் பள்ளத்தின் மறுபுறம் ஒண்டிக்கொள்வார்கள். அங்கே சுற்றுப் பாறைகள் ஒவ்வொரு சத்தத்தையும் நான்காகத் திருப்பி அடிக்கும் என்பதால் அங்கே நின்று எண்ண முடியாது. அதனால் மேலே, எண்ணுபாறையின் மீது ஒரு பெண் உட்காருவாள். எத்தனை குழியோ அத்தனை கூழாங்கல் அவள் மடியில் இருக்கும். ஒரு வேட்டுக்கு ஒரு கல்லை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைப்பாள். மடி காலியானதும் எழுந்து நின்று குலவையிடுவாள். குலவை கேட்டால்தான் ஆண்கள் இறங்குவார்கள். குறைந்தால் அன்றைக்கு வேலை இல்லை, வெடிக்காத வேட்டு உள்ளே கிடக்கிறது என்று பொருள்.

அங்காயி பதினான்கு வருடம் எண்ணியவள். அவள் வீட்டுத் தோட்டத்தின் கடைசியில்தான் எண்ணுபாறை இருந்தது. குவாரி மூடப்படுவதற்குக் காரணமான அந்தச் சனிக்கிழமை அவள் மடியில் ஒன்பது கல் இருந்தது. அந்த வாரம்தான் பள்ளத்தின் கிழக்குச் சுவரைப் புதிதாக, செங்குத்தாக வெட்டி இறக்கியிருந்தார்கள். ஒன்பதாவது கல்லைத் தரையில் வைத்தாள், எழுந்தாள், குலவையிட்டாள். அவள் புருசன் வீரமலை தோளில் துண்டும் கையில் கடப்பாரையுமாக முதல் ஆளாக இறங்கினான், அவன் எப்போதும் முதல் ஆள்தான், மேலே நிற்கிற மனைவியைப் பார்த்து ஒருமுறை கை காட்டிவிட்டுத்தான் இறங்குவான். அவன் வரிசைக்கு நடுவில் போய் நின்றபோது காலுக்குக் கீழே இன்னொரு வேட்டு வெடித்தது. கிடைத்ததை அன்று சாயங்காலமே எரித்தோம்.

அதன்பிறகு ஊர் இரண்டு பேச்சுப் பேசியது. பிச்சைமுத்து மேஸ்திரி சொல்லாமல் பத்தாவதாக ஒரு குழியில் மருந்து வைத்துவிட்டார் என்றார்கள் சிலர். மேஸ்திரி தன் மகள் தலையில் கைவைத்து, "ஒம்போது குழி, ஒம்போது திரி, அதுக்கு மேல ஒண்ணு வச்சிருந்தா எங்குடி வெளங்காது" என்று அழுதார். அப்படியானால் எண்ணியவள் தப்பாக எண்ணிவிட்டாள் என்றார்கள் மற்றவர்கள். அவள் முகத்துக்கு நேராக அதைச் சொன்னது ஒரே ஆள்தான். வீரமலையின் தங்கை நல்லம்மாள், மூன்று எட்டு வைத்தால் வந்துவிடுகிற எதிர்வீட்டுக்காரி, பதினாறாம் நாள் காரியத்தன்று கூட்டத்துக்கு நடுவில், "காது கேக்காதவளுக்குக் கொலவ ஒரு கேடா?" என்றாள். அதோடு நாத்தனார் மதினியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அங்காயி அதற்குப் பிறகு கல்யாணத்துக்கோ, கோயில் பொங்கலுக்கோ, எதற்குமே குலவையிடவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள், எங்களுக்குப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

வயிற்றுப்பாட்டுக்கு அவள் சாலையோர நாற்றுப்பண்ணை ஒன்றில் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போனாள். அங்கே ஒரு மூலையில், ஈச்சங்கன்று என்று தப்பாக வந்து சேர்ந்து யாரும் வாங்காமல் ஒரு பையில் நின்றது அந்தக் கன்று. அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பண்ணைக்காரர் சொன்னார்:

"அது தாளிப்பனைம்மா. வீட்டுக்குன்னு கேட்டுறாத. வச்சவங்க பாக்குறதுக்கு இல்ல. நாப்பது, அம்பது வருசம் சும்மா எல விட்டுக்கிட்டே நிக்கும். கடைசில உச்சியில ஒரு பாள வரும். அந்தப் பாள வேட்டு கணக்கா வெடிக்குமாம். பூக்கும், காய்க்கும், அத்தோட செத்துரும்."

"எத்தன தடவ வெடிக்கும்?"

"ஒரே தடவதான்."

"ஒண்ணுன்னா எனக்கு எண்ண வரும்" என்றாள் அங்காயி, கன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆறு மைல் நடந்து வந்தாள்.

எண்ணுபாறையின் அடியில் இடம் பார்த்தாள். அங்கே மண் ஒரு விரற்கடை கூட இல்லை. பிச்சைமுத்து மேஸ்திரி தயங்கித் தயங்கி வேலிக்கு வெளியே வந்து நின்று, "ஒரு சின்னத் தோட்டா வச்சா கால்மணி நேரத்துல குழி ஆயிரும் தங்கச்சி" என்றார். "இந்தப் பாறைக்குக் கொடுத்த வேட்டு போதும்ண்ணே" என்றாள் அவள். சீமைக்கருவேல விறகை அடுக்கிப் பாறையின்மேல் நாள் முழுக்கத் தீ எரித்தாள், பாறை கொதித்ததும் பச்சைத் தண்ணீரைக் கொட்டினாள், பாறை முனகி ஒரு பொருக்கு விட்டது, அதை உளியால் பெயர்த்தாள், மறுபடி எரித்தாள், மறுபடி கொட்டினாள், மறுபடி பெயர்த்தாள், இப்படி நாற்பத்தோரு நாள் செய்து இடுப்பாழத்துக்கு இறங்கினாள். அடியில் ஒரு விரல் நுழைகிற வெடிப்பு தெரிந்தது. எட்டுக் குடம் ஊற்றியும் அந்த வெடிப்பு நிறையவில்லை. குளத்து வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து, ஆட்டுப் புழுக்கையும் கல்பொடியும் கலந்து, பையைப் பிளேடால் கீறி, ஆணிவேர் ஒடியாமல் இரண்டு கையிலும் ஏந்தி, வேர் நுனி அந்த வெடிப்பைப் பார்க்கும்படி இறக்கி வைத்தாள். கல்லில் போய்ப் பனை வைக்கிறாள், துக்கம் மண்டைக்கு ஏறிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மறுநாள்தான் குவாரி திறந்தார்கள்.

ஊர் அதற்குப் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் பள்ளிக்கூட வாத்தியார் புதனும் சனியும் பன்னிரண்டு மணிக்குப் பாடத்தை நிறுத்திக் காத்திருந்து காத்திருந்து, பிறகு நிறுத்தாமலே நடத்தினார். பன்னிரண்டு மணி வேட்டைக் கேட்டு உலை வைத்தவர்கள் பட்டினி கிடந்தார்கள், பிறகு நிழலைப் பார்க்கப் பழகினார்கள். தொட்டில் பிள்ளைகள் திடுக்கிடாமல் தூங்கின. பக்கத்து டவுன்காரர்கள் சத்தத்துக்கு எதிராக எழுதிவந்த மனுக்களை நிறுத்தியதால் முதலாளி ஒன்பது குழியைப் பதினெட்டாக்கினார், பதினெட்டை முப்பதாக்கினார். யாரோ ஒருவர் மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றிக் கற்பூரம் காட்டினார், அங்காயி அதை அவிழ்த்துத் தரை துடைக்க வைத்துக்கொண்டாள். ஆனால் சத்தம் போனதோடு இன்னொன்றும் போயிற்று. முன்பெல்லாம் சத்தம் முதலில் வரும், கல் பின்னால் வரும், நடுவில் ஓடுவதற்கு ஒரு மூச்சு நேரம் இருக்கும். இப்போது கல் சும்மா வந்து விழுந்தது. படுத்திருந்த கன்றுக்குட்டி படுத்தபடியே செத்துக் கிடந்தது, அதன் தாய் மூன்றடி தள்ளிப் புல் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் நிம்மதியாக இருக்கிறோமா பயந்து கிடக்கிறோமா என்று எங்களுக்கே தெரியாமல் வருடங்கள் போயின.

எண்ணும் வேலை நல்லம்மாளுக்கு வந்தது. சத்தம் இல்லாததால் அவள் தண்ணீரை வைத்து எண்ணினாள். எண்ணுபாறையின்மேல் ஒரு எவர்சில்வர் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வைத்து, அது ஒருமுறை வளையமிட்டால் ஒரு கல்லைத் தரையில் வைப்பாள். பதினோரு வருடத்தில் அவள் எண்ணிக்கை ஒருநாளும் தப்பவில்லை, ஊர் வழியே போகும்போது அது அவள் நடையில் தெரியும். எண்ணுபாறைக்குப் போக மதினியின் தோட்டத்துக்குள்தான் போக வேண்டும். வேட்டு நாள்தோறும் அங்காயி ஒரு தம்ளரில் தண்ணீர் நிரப்பிப் பாறைமேல் வைத்திருப்பாள். நல்லம்மாள் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அந்தத் தண்ணீரைப் பனையின் தூரில் கொட்டிவிட்டுத் தன் குடத்திலிருந்து ஊற்றிக்கொள்வாள். பதினோரு வருடம் இது நடந்தது. பனை அந்தத் தண்ணீரையும் குடித்தது, ஒவ்வொரு வேட்டையும் குடித்தது, ஒவ்வொரு வேட்டு நாளுக்கும் ஒரு விரல் உயர்ந்தது. ஐம்பது வருடத்துக்குரிய உயரத்தை அது பதினோரு வருடத்தில் எட்டியது. ஒரு இலையின் நிழலில் ஒரு குடும்பம் படுக்கலாம்.

பங்குனி மாதம் அதன் உச்சியில் பாளை தெரிந்தது. ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம், கூம்பி மூடிய பாளை, நாளுக்கு நாள் புடைத்தது. பக்கத்தில் போய்த் தூரில் கைவைத்தால் உள்ளே ஏதோ உறுமுவது உள்ளங்கையில் ஏறியது. அப்போதுதான் நாங்கள் யோசித்தோம், பதினோரு வருடத்து வேட்டு அத்தனையும் அதற்குள் இருக்கிறது, பாளை வெடித்தால் என்ன ஆகும் என்று. டீக்கடை முன்னால் கூடிப் பேசினோம். வெட்டிவிடலாம் என்றார் மேஸ்திரி. அவருக்கு வயதாகிவிட்டது, தடி ஊன்றித்தான் வந்திருந்தார். நாலு பேர் கோடரியோடு போனபோது அங்காயி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மரத்தின் முன்னால் குறுக்கே நின்றது நல்லம்மாள்.

"வெட்டுறதுன்னா என்னைய வெட்டிட்டு வெட்டுங்க. எங்கண்ணன் எறங்குன அன்னைக்கி வெடிச்சதும் அதுக்குள்ளதான கெடக்கு? எத்தனன்னு நான் கேக்கணும்."

வீரமலை செத்ததற்குப் பிறகு நட்ட மரத்துக்குள் அந்தச் சனிக்கிழமை எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்குக் கல்லைப் பற்றித் தெரியாது. கல் கேட்டதை விடாது. வேர் அந்த வெடிப்பு வழியாக இறங்கிப் பாறையின் அடிவரை போயிருந்தது, பாறை கடைசியாகக் கேட்ட நாள் அந்த நாள்தான். நாலு பேரும் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு, பாய் சட்டியோடு, அரை மைல் தள்ளியிருந்த முனியன் கரட்டின்மேல் ஏறி உட்கார்ந்தோம். இரண்டு பெண்கள் மட்டும் எங்களோடு வராமல் மரத்தடியிலேயே இருந்துவிட்டார்கள். அங்கே அவர்களுக்குள் நடந்ததை நல்லம்மாள் பிறகு எங்களுக்குச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை பாளையின் நுனி பிளந்தது, வேட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. பெட்டியில் அடுக்கிய சேலைகளை எடுப்பதுபோல, மேலே இருந்த நாள் முதலில் வந்தது, கீழே இருந்த நாள் பிறகு வந்தது, ஆனால் ஒவ்வொரு நாளுக்குள்ளும் முதல் வேட்டு முதலாகவே வெடித்தது. தரை குலுங்கியது, ஓடுகள் சரிந்தன, கரட்டின்மேல் நாங்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினோம். பொழுது சாய்ந்ததும் நின்றது, விடிந்ததும் தொடங்கியது, ஏனென்றால் எங்கள் குவாரியில் பொழுது சாய்ந்து வேட்டு வைக்கிற வழக்கம் இல்லை. நான்கு நாள் இப்படி வெடித்தது. முப்பது முப்பதாக வந்தது பதினெட்டுப் பதினெட்டாயிற்று, பிறகு ஒன்பது ஒன்பதாயிற்று. எங்களுக்கு மறந்தே போயிருந்த புதன்கிழமைகளும் சனிக்கிழமைகளும் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தன. அங்காயி நான்கு நாளும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. ஒன்பது வந்தால் அவள் புருசனைக் கொன்றவள் இல்லை, எட்டு வந்தால் கொன்றவள், இந்த இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு நிற்க இடமில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒற்றை வேட்டு ஒன்று வந்தது. பூசை போட்ட வேட்டு. அடுத்தது அந்த நாள் என்று இருவருக்கும் தெரிந்தது.

நல்லம்மாள் ஒன்பது கூழாங்கற்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு எண்ணுபாறையில் உட்கார்ந்தாள். அன்றைக்குக் கொண்டுவந்த குடம் அதிர்ச்சியில் உடைந்து கிடந்தது. அங்காயி தன் தம்ளரில் தண்ணீர் நிரப்பி அவள் முன்னால் வைத்தாள். நல்லம்மாள் அதைக் கொட்டவில்லை.

"நீ காதால எண்ணு நல்லம்மா. எங்காத நான் நம்பமாட்டேன். நான் தண்ணியப் பாக்குறேன்."

நல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வேட்டு வெடித்தது, தண்ணீர் வளையமிட்டது, ஒரு கல் தரைக்குப் போனது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது கொஞ்சம் தாமதித்து வந்தது. ஆறு, ஏழு. எட்டாவதில் தம்ளர் நகர்ந்தது. உடனே அதன் பின்னாலேயே ஒன்பதாவது வந்தது, நல்லம்மாள் கடைசிக் கல்லைத் தரையில் வைத்தாள், மடி காலியாயிற்று, கண்ணைத் திறக்காமலே மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஒம்போது மதினி! ஒம்போதுதான்! நீ சரியாத்தான் எண்ணியிருக்க. அந்தக் கெழவன்தான் பத்தாவதா ஒண்ண வச்சிருக்கான். அய்யோ, நான் பாவி, ஒன்னைய என்னென்ன பேசிட்டேன்..."

அங்காயி சும்மா இருந்திருக்கலாம். நாங்கள் யாராக இருந்தாலும் சும்மா இருந்திருப்போம். பதினோரு வருடத்துக்குப் பிறகு ஒரு கை வந்து தன் கையைப் பிடித்திருக்கிறது, கரட்டின்மேல் ஒரு கிழவர் இருக்கிறார், அவரும் அதிக நாள் இருக்கப்போவதில்லை.

"எட்டு" என்றாள் அங்காயி. "கடசிச் சத்தத்துக்குத் தண்ணி அசையல நல்லம்மா. கெழக்குச் செவுத்துல பட்டுத் திரும்பி வந்த சத்தம் அது. எட்டுதான் வெடிச்சிருக்கு. நான்தான் உங்கண்ணன எறக்கிவிட்டேன்."

நல்லம்மாள் கண்ணைத் திறந்தாள். தம்ளரில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. தரையில் ஒன்பது கல் கிடந்தது, அவள் தன் கையால் வைத்த கல். அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

"நானும் ஒம்போதுன்னுதான வச்சேன்" என்றாள்.

அப்போது உண்மையான ஒன்பதாவது வேட்டு வெடித்தது. தம்ளர் கவிழ்ந்து தண்ணீர் பாறையில் ஓடியது. அதற்குள் வீரமலையின் குரல் இருக்குமென்று, ஒரு கூப்பிடல், ஒரு அய்யோ, ஏதாவது ஒன்று இருக்குமென்று அங்காயி மூச்சைப் பிடித்துக் கேட்டாள். மனிதச் சத்தம் எதுவும் அதில் இல்லை. பனை வேட்டைத்தான் குடித்திருந்தது. பாளை அடிவரை பிளந்து விரிந்து, வெளிர்மஞ்சள் பூ மாவுபோல இருவர் தலையிலும் கொட்டியது, முதல் இலை காம்போடு கழன்று வேலிமேல் விழுந்தது. இனி அது காய்க்கும், காய்த்துச் சாகும்.

அங்காயி கவிழ்ந்த தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். பிறகு நல்லம்மாள் பூவைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"இப்பத்தான் முடிஞ்சிருக்கு மதினி. கொலவ போடு. ஆளுக மேல காத்துக் கெடக்காக."

"நானா?"

"எண்ணுனவதான போடணும்."

அந்தக் குலவை கரட்டுக்குக் கேட்டபோது முதலில் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை. பாதியில் உடைந்தது, இருமியது, மறுபடி எழுந்தது. பிச்சைமுத்து மேஸ்திரிதான் தெரிந்துகொண்டார். துண்டை வாயில் திணித்துக்கொண்டு குனிந்துவிட்டார். குலவை கேட்டால் இறங்க வேண்டும், ஆனாலும் எங்களில் ஒருவருக்கும் முதல் ஆளாகக் கால் வைக்கத் துணிவு வரவில்லை. கடைசியில் மேஸ்திரியே தடியை ஊன்றி முன்னால் நடந்தார், ஆடுகளும் பிள்ளைகளும் பாய் சட்டிகளுமாக நாங்கள் அவர் பின்னால் இறங்கினோம். இருட்டுவதற்குள், மெதுவாக, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து இறங்கினோம். எங்களில் கடைசி ஆள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிற வரைக்கும் அங்காயி குலவையை நிறுத்தவில்லை.